மோசமான வாரத்துக்கு அளவெடுத்த இலக்கு: புத்தாண்டுத் தீர்மானத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

நான்கு வருடம் முன்னால், ஜனவரி 2ஆம் தேதி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்மில் வருடக் கட்டணம் 9,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். கட்டிய பணத்துக்காகவாவது போவேன் என்று நினைத்தேன். ஜனவரியில் பதினோரு நாள் போனேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் பையனுக்குக் காய்ச்சல். அப்புறம் அலுவலகத்தில் ஆடிட். பிப்ரவரியில் ஜிம் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. "நம்ம கையில எதுவும் நிலைக்காது" என்று என்னைப் பற்றி நானே முடிவு கட்டிவிட்டேன். அதிலிருந்து வெளியே வர இரண்டு வருடம் ஆனது.

இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த இலக்கின் அளவுதான் தப்பு என்று தெரிகிறது. வாரம் ஆறு நாள், காலை ஐந்தரை மணி என்று திட்டம் போட்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வராத, அலுவலகத்தில் நெருக்கடி இல்லாத, விருந்தாளி யாரும் வராத ஒரு வாரத்துக்குத்தான் அந்தத் திட்டம் பொருந்தும். அப்படிப்பட்ட வாரம் வருடத்தில் எத்தனை வரும்? எங்கள் வீட்டில் பத்து வந்தால் அதிகம். மீதி நாற்பத்திரண்டு வாரத்துக்கு என்னிடம் திட்டமே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: இலக்கை உங்கள் நல்ல வாரத்துக்கு அளவெடுக்காதீர்கள், மோசமான வாரத்துக்கு அளவெடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

தீர்மானமே எடுக்காமல் இருந்தால் என்ன?

புத்தாண்டுத் தீர்மானமெல்லாம் பத்து நாள் கூத்து என்று சொல்கிறவர்கள் நிறைய. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்க்ராஸும் அவருடைய குழுவும் 2002இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு மனது மாறியது. வாழ்க்கையில் ஒரு மாற்றம் வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒரு பகுதியினர் புத்தாண்டில் தீர்மானம் எடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கும் ஆசை இருந்தது, ஆனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் அதில் நின்றிருந்தார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம். தொலைபேசியில் அவரவரே சொன்ன பதில் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிது. தீர்மானம் எடுப்பது வீண் இல்லை. எடுக்கிற முறைதான் விஷயம்.

படி 1: பழைய வருடத்தைப் படியுங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புது வருடத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முதலில் பழையதை எடுத்துப் பாருங்கள்: வங்கி பாஸ்புக் அல்லது யுபிஐ செயலியில் இருக்கும் செலவுப் பட்டியல், போனை எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று போனே காட்டும் கணக்கு, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர், ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்தக் காகிதம்.

நினைவை நம்பி உட்காராதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும். கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994இல் வெளியான ஆய்வு இது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று தனியாகவும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதாவது, மோசமான நிலைமையைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் அவர்களுடைய கற்பனை போதவில்லை. நம் எல்லோருக்கும் இது பொருந்தும். மோசமான வாரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் தெரியாது, நடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே ஒரு தாளில் போன வருடத்தின் மூன்று மோசமான வாரங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வாரத்திலும் நீங்கள் விடாமல் செய்த காரியம் எது என்று எழுதுங்கள். என் தாளில் இருந்த ஒரு வாரம், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த ஏழு நாள். வீடு, ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று மூன்று இடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த ஏழு நாளும் இரவு பாத்திரம் கழுவிவைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறேன். இது அற்பமாகத் தெரியலாம். பின்னால் இதுதான் எனக்குக் கைகொடுத்தது.

படி 2: ஆசைப் பட்டியலில் ஒன்றை எடுங்கள்

மனதில் இருக்கிற எல்லா ஆசைகளையும் எழுதுங்கள். எடை குறைய வேண்டும், கடன் அடைய வேண்டும், ஆங்கிலம் பேச வேண்டும், அம்மாவிடம் அடிக்கடி பேச வேண்டும், கார் ஓட்டப் பழக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரும். வரட்டும்.

அப்புறம் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்து முடித்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது என்றாலும் செய்வேனா? பக்கத்து வீட்டுப் பெண் செய்கிறாள் என்பதற்காக எழுதியது, சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே என்று எழுதியது எல்லாம் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். என் பட்டியலில் இருந்த பன்னிரண்டில் ஐந்து இப்படிப் போனது.

மிச்சம் இருப்பதற்கு நேரக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். எங்கள் வீட்டுக் கணக்கு இது: தூக்கம் 49. அலுவலகமும் பஸ் பயணமும் ஆறு நாளுக்கு 60. சமையலும் வீட்டு வேலையும் 28. பையனின் படிப்பு 10. குளிப்பது, சாப்பிடுவது, கோயில், கடை எல்லாம் சேர்த்து 10. மிச்சம் 11 மணி நேரம். அதுவும் சேர்ந்தாற்போல் கிடைக்காது, கால் மணி, அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்த 11 மணி நேரத்தில் பெரும்பகுதி போனில் போகிறது என்று போனே சொல்கிறது. இதைப் பார்த்த பிறகு நான்கு இலக்கு வைக்க மனது வராது. ஒன்று வையுங்கள். நிஜமாகவே முடியும் என்றால் இரண்டு. அதற்கு மேல் வைத்தால் அகலக்கால்.

மற்ற ஆசைகளைக் கிழித்துப் போட வேண்டாம். அந்தத் தாளைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவையுங்கள். ஜூலையில் எடுத்துப் பார்க்கலாம்.

படி 3: ஆசையைச் செயலாக மாற்றுங்கள்

"பத்துக் கிலோ குறைப்பேன்" என்பது விளைவு. அது பாதி நம் கையில், பாதி உடம்பின் கையில். "இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பேன்" என்பது செயல். இன்றைக்குச் செய்தேனா இல்லையா என்று படுக்கப் போகும்போது தெரிந்துவிடும். காலண்டரில் குறிக்க முடிகிற மாதிரி இருந்தால் அது செயல்.

இன்னொன்று: விடுவதைவிடச் செய்வதாக எழுதுங்கள். 2020இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், "இதைச் செய்வேன்" என்று இலக்கு வைத்தவர்களில் கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். "இதை விடுவேன், இதைத் தவிர்ப்பேன்" என்று வைத்தவர்களில் 47 சதவீதம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். "இனிப்புச் சாப்பிட மாட்டேன்" என்றால் நாள் முழுக்க இனிப்பையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். "நாலு மணி டீயோடு சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிடுவேன்" என்றால் அந்த இடத்தை வேறொன்று நிரப்பிவிடுகிறது. "போன் பார்க்க மாட்டேன்" என்பதைவிட, "பத்து மணிக்குப் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பேன்" என்பது நடக்கிற காரியம்.

படி 4: கஞ்சி அளவு

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

காய்ச்சல் நாளில் நம் வீட்டில் என்ன செய்கிறோம்? முழுச் சாப்பாடு இறங்காது. அதற்காகப் பட்டினியும் போடுவதில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். ஒவ்வொரு இலக்குக்கும் அதே மாதிரி இரண்டு அளவு வேண்டும். சாதாரண நாளுக்குச் சாப்பாட்டு அளவு. மோசமான நாளுக்குக் கஞ்சி அளவு. கஞ்சி அளவு எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்றால், படி 1இல் எழுதிய அந்த மூன்று வாரங்களிலும் அதைச் செய்திருக்க முடியும் என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். முடிந்திருக்காது என்றால் இன்னும் குறையுங்கள்.

என்னுடையது நடை. சாப்பாட்டு அளவு, இரவு மொட்டை மாடியில் 20 நிமிடம். கஞ்சி அளவு, மாடியில் ஐந்து சுற்று. தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, கைப்பிடிச் சுவரை ஒட்டித் திரும்பித் தொட்டிக்கு வந்தால் ஒரு சுற்று. ஐந்து சுற்றுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் இதைச் செய்திருக்க முடியுமா? முடியும். அந்த வாரம்தான் பாத்திரமே கழுவியிருக்கிறேனே.

ஆறு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. முன்பு, ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். சின்னச் சின்ன அசைவும் கணக்கில் சேரும். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, கஞ்சி குடித்த வாரத்துக்கு அடுத்த வாரம் மறுபடி சாப்பாட்டுக்குப் போவது சுலபம் என்பது. முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற கஷ்டம் ஜிம்மில் பட்டவளுக்குத் தெரியும். (சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி இருப்பவர்கள் எதை ஆரம்பிப்பதற்கு முன்பும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

இன்னும் சில அளவுகள், மாதிரிக்கு: வாசிப்பு என்றால் இருபது பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் கஞ்சி. ஆங்கிலம் என்றால் அரை மணி பேச்சுப் பயிற்சி சாப்பாடு, செய்தித்தாளின் ஒரு பத்தியைச் சத்தம் போட்டுப் படிப்பது கஞ்சி. அம்மாவிடம் பேசுவது என்றால் பதினைந்து நிமிடம் சாப்பாடு, "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று ஒரு நிமிடம் கேட்பது கஞ்சி. அம்மாவுக்கு அந்த ஒரு நிமிடமும் பெரிதுதான்.

பணத்துக்குக் கொஞ்சம் தனியாகக் கணக்குப் போட வேண்டும்

சேமிப்பில் இந்த அளவெடுப்பு இன்னும் கறாராக வேண்டும், ஏனென்றால் தப்பாக அளவெடுத்தால் கடனில் போய் முடியும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கைக்கு வருகிற சம்பளம் 32,000. புத்தாண்டு ஆசை, வருடத்துக்கு ஒரு லட்சம் சேமிப்பது. மாதம் 8,334 ரூபாய் வேண்டும். இப்போது பாஸ்புக்கைப் பார்ப்போம். போன வருடம் ஐந்து மாதம் தலா 4,500 மிஞ்சியிருக்கிறது. நான்கு மாதம் தலா 1,500. பள்ளிக் கட்டணம் கட்டிய ஜூன், தீபாவளி மாதம், மூன்று கல்யாணத்துக்கு மொய் எழுதிய ஆவணி என்று மூன்று மாதம் தலா 6,000 துண்டு விழுந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் வருடம் முழுக்க நிஜமாக மிஞ்சியது 10,500 ரூபாய்.

பத்தாயிரம் மிஞ்சுகிற வீட்டில் ஒரு லட்சம் என்று எழுதினால் மார்ச்சுக்குள் நொந்துபோய்விடுவோம். விரலுக்கேத்த வீக்கமாக, மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு வருட ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் 12,000. போன வருடத்தைவிட 1,500 மட்டும் கூடுதல். சம்பளம் ஏறிய மறுநாளே பிடிக்கிற மாதிரித் தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நல்ல மாதத்தில் மிஞ்சும் பணத்தைச் செலவழிக்காமல் ஜூனுக்கும் தீபாவளிக்கும் என்று தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால், அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்குகிற வேலை அநேகமாக இருக்காது. வட்டி மிச்சம் தனி.

24,000 வேண்டும் என்று ஆசைப்பட்டால்? அப்போது மாதம் 1,125 ரூபாயை ஏதோ ஒரு செலவிலிருந்து எடுக்க வேண்டும். எந்தச் செலவு என்று பெயர் சொல்ல முடிந்தால் தாராளமாக எழுதுங்கள். "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சிக்கனமா இருந்துக்கலாம்" என்பது பதில் ஆகாது. அது எந்த வீட்டிலும் நடந்து நான் பார்த்ததில்லை.

படி 5: எதற்குப் பிறகு, எங்கே

"தினமும் நடப்பேன்" என்று எழுதினால் தினமும் அதற்கு நேரம் தேட வேண்டியிருக்கும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்ததும் மாடிப்படி ஏறுவேன். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் மாத்திரை போடுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் புத்தகத்தை எடுப்பேன். "இது நடந்தால் அது செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது வெறும் எண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து காட்டிவருகிறார்.

தடைக்கும் இதே மாதிரி ஒன்று சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் ஹாலிலிருந்து சமையலறைக்கு நூறு நடை. விருந்தாளி இருந்தால், அவர்கள் படுத்ததும் ஐந்து சுற்று.

முடிச்சுப் போடும் காரியத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் முதலில் காலை காபியோடு போட்டேன். காலையில் எங்கள் வீட்டில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடப்பதில்லை. பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். மோசமான வாரத்திலும் நின்றது எது என்று தாளைப் பார்த்தபோதுதான் பாத்திரம் கழுவுவது கண்ணில் பட்டது.

படி 6: பன்னிரண்டு மாதத்தையும் விரித்துப் பாருங்கள்

ஜனவரி 1 அன்று வருடம் முழுக்க மார்கழிக் குளிராகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். புதுக் காலண்டரைத் தரையில் விரித்து, எந்த மாதம் உங்கள் இலக்கைச் சாய்க்கப் பார்க்கும் என்று இப்போதே குறித்துவையுங்கள்.

முதல் சோதனை பதினான்கே நாளில் வருகிறது. சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று தீர்மானம் எடுத்தவர் எதிரே சர்க்கரைப் பொங்கல் வந்து உட்காரும். அதை மறுக்கச் சொல்ல மாட்டேன். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்று நாளும் கணக்கில் இல்லை என்று 1ஆம் தேதியே எழுதிவையுங்கள். எழுதாமல் சாப்பிட்டால் தீர்மானம் உடைந்தது என்று தோன்றும், எழுதிவைத்துச் சாப்பிட்டால் திட்டப்படி சாப்பிட்டதாகும். நான்காம் நாள் திரும்பி வருவதற்கு இந்த ஒரு வரி ரொம்ப உதவும்.

மார்ச்சில் கணக்கு முடிக்கிற அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த மாதம் முழுக்கக் கஞ்சிதான். ஏப்ரல், மே திருச்சி வெயிலில் மாலை ஐந்து மணி நடை நடக்காத காரியம். கத்திரி முடிகிற மே கடைசி வரை நேரத்தை மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கு லீவு என்றால் வீட்டு நேரமே தலைகீழாகும். ஜூன் பள்ளிக்கூட மாதம், பணமும் போகும், காலை நேரமும் போகும். ஆடியில் கல்யாணம் இருக்காது, மொய்ச் செலவு குறையும், எதையாவது பழகத் தோதான மாதம். ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். அக்டோபரிலிருந்து மழை. நடைப்பயிற்சி நிற்பது பெரும்பாலும் அப்போதுதான், நின்றது மார்கழி வரை திரும்பி வருவதில்லை. வீட்டுக்குள் செய்கிற மாற்று ஏற்பாடு அப்போதுதான் வேண்டும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பணத்துக்கும் சரி, வயிற்றுக்கும் சரி, கஞ்சி அளவு.

உங்கள் வேலையும் ஊரும் வேறாக இருந்தால் மாதங்கள் மாறும். விவசாய வீட்டில் அறுவடை, கடைக்காரருக்குப் பண்டிகை, ஆசிரியருக்குப் பரீட்சை. குறித்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். என் காலண்டரில் 52இல் 19 வாரம் கஞ்சி வாரமாக வந்தது. முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நிம்மதி.

படி 7: பால் கணக்கு மாதிரி குறியுங்கள்

எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் என் மாமியார் பால் கணக்கு எழுதுவார். தினம் இரண்டு பாக்கெட். கூடுதலாக வாங்கிய நாளில் கட்டத்துக்குள் 3 என்று எழுதுவார். வேண்டாம் என்று சொன்ன நாளில் ஒரு சுழி. மற்ற நாளில் எதுவும் எழுத மாட்டார். அதே கட்டத்தின் மூலையில் நான் என் நடையைக் குறிக்க ஆரம்பித்தேன். 20 நிமிடம் நடந்தால் வட்டம், ஐந்து சுற்று என்றால் புள்ளி, நடக்காத நாள் காலி.

ஒரு நாள் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "என்னம்மா இது, புள்ளி புள்ளியா?"

"நடந்த கணக்கு அத்தை. ரெண்டு நாளா காலியாக் கிடக்குது பாருங்க."

"பால் கணக்கு மாதிரிதானே? மாசக் கடைசியில கூட்டிப் பாரு. தெனம் தெனம் பாத்து எதுக்குக் கவலப்படுற?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் பால் வரவில்லை என்பதற்காக எந்த வீட்டிலும் பாலையே நிறுத்துவதில்லை. சுழி போட்டுவிட்டு மறுநாள் பையை மாட்டிவைக்கிறோம். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு செயல் தன்னால் நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. எல்லோரும் சொல்கிற அந்த 21 நாள் கணக்கு, 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததை அவர் எழுதினார். "ஆவது" என்ற சொல் போகப்போக உதிர்ந்துவிட்டது. ஆக, ஜனவரி 22ஆம் தேதி இன்னும் மனதைத் தள்ளித்தான் மாடி ஏற வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். மார்ச் வரை அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் தள்ளுவது இயல்பு.

போன வருட முடிவில் என் காலண்டரைக் கூட்டினோம். வட்டம் 171, புள்ளி 118, காலி 76. அந்த 118 புள்ளிகளும் பழைய முறையில் காலியாக இருந்திருக்கும்.

படி 8: மாதக் கடைசிக் கூட்டலும் மாற்றலும்

மாதம் ஒரு தடவை, பால்காரருக்குப் பணம் கொடுக்கிற அன்றைக்கே கூட்டிப் பாருங்கள். வட்டங்களே அதிகம் என்றால் அப்படியே தொடருங்கள், ஆர்வத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து அப்படி வந்தால் கூட்டலாம். புள்ளிகளே அதிகம் என்றால் சாப்பாட்டு அளவு உங்களுக்குப் பெரிது, 20 நிமிடத்தை 12 ஆக்குங்கள். காலிதான் அதிகம் என்றால் முடிச்சுப் போட்ட இடமோ நேரமோ தப்பு. படி 5க்குப் போங்கள்.

மூன்று வாரம் தொடர்ந்து காலியாகக் கிடந்தால்? திரும்ப ஆரம்பிக்க அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம், மாதம், வருடம் பிறக்கும்போதும் பிறந்த நாளை ஒட்டியும் மனிதர்களுக்குப் புது ஊக்கம் வருகிறது என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நமக்கு இதில் பஞ்சமே இல்லை. தை 1 வருகிறது, ஏப்ரல் 14இல் சித்திரை 1 வருகிறது, ஆடிப்பெருக்கு, விஜயதசமி என்று எதையாவது புதிதாகத் தொடங்கும் நாள்கள் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக் கஞ்சி அளவில் ஆரம்பியுங்கள்.

இலக்கையே மாற்றுவதும் தப்பில்லை. என் கணவர் வருடத்துக்கு 24 புத்தகம் என்று ஆரம்பித்தார். ஜூன் மாதம் மூன்று புத்தகத்தில் நின்றது. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த தாளை எடுத்துப் பார்த்தபோது, "அப்பாவை மாதம் ஒரு தடவை நேரில் பார்ப்பது" என்று எழுதியிருந்தார். மாமனாரும் அத்தையும் அப்போது ஊரிலேயே இருந்த சமயம். புத்தகக் கணக்கை அன்றோடு நிறுத்திவிட்டு மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை அதற்கு வைத்தார். டிசம்பருக்குள் ஆறு தடவை போய்வந்தார். மறு வருடம்தான் மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இப்போதும் பேசுவார்.

டிசம்பர் 31 இரவு எழுத வேண்டியது

பெரிய டைரி எதுவும் வேண்டாம். புது மாதக் காலண்டரின் ஜனவரிப் பக்கத்தில், மேலே இருக்கிற வெள்ளை இடத்தில் ஐந்து வரி போதும். என்னுடையது இப்படி இருக்கிறது:

செயல்: மாடியில் நடை.
சாப்பாடு: 20 நிமிடம். கஞ்சி: 5 சுற்று.
எப்போது: பாத்திரம் கழுவிக் கை துடைத்ததும். மழை என்றால் ஹாலில் 100 நடை.
கணக்கில் இல்லாத நாள்: பொங்கல் 3, தீபாவளி 2, ஊர்த் திருவிழா 2.
கஞ்சி வாரம்: மார்ச் முழுக்க, ஜூன் முதல் இரண்டு வாரம், பரீட்சை வாரங்கள், யாருக்காவது உடம்புக்கு முடியாத எல்லா வாரமும்.

எழுதி முடித்ததும் ஆணியில் மாட்டிவிடுங்கள். ஒரு பேனாவை நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள், குறிக்கப் போகிற நேரத்தில் பேனா தேட வேண்டியிருக்காது.